பார்ட்: ஸ்பெஷல் நாடகத்தில் ஓர் ஆங்கிலச் சொல்

கேள்வி

ஆண்டிபட்டி வட்டத்தில், மூல வைகை இறங்கிவரும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது மயிலாடும்பாறை. கடமலைக்குண்டோடு சேர்ந்து ஓர் ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். இலவமும் கொட்டைமுந்திரியும் விளையும் இந்தப் பகுதியில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகத்துக்கு ஒதுக்கப்படும். பெரும்பாலும் அது வள்ளி திருமணமாகவே இருக்கும். இரவு பத்து மணியை ஒட்டித் தொடங்கி விடியும்வரை நடக்கும் அந்த நாடகத்துக்கு நடிகர்கள் ஒரே குழுவாக வருவதில்லை. ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், மற்றொருவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் சிலர் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. இதைத்தான் ஸ்பெஷல் நாடகம் என்கிறோம்.

இந்தத் தொழிலில் ஒருவரைக் குறிக்கும் சொற்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று அமைந்திருக்கின்றன. முன்னொட்டு சமஸ்கிருதமாகவோ தமிழாகவோ இருக்கலாம், பின்னொட்டு எப்போதும் ஆங்கிலம். வேடம், வேஷம், பாத்திரம், பொருநன், கூத்தன் என்று இத்தனை சொற்கள் கையிருப்பில் உள்ள ஒரு மொழி, ஆங்கிலப் பள்ளிக்கூடம் அதிகம் பாராத கலைஞர்களின் வாயில், நூறாண்டுக்கு மேலாக 'பார்ட்' என்பதை ஏன் விடாமல் வைத்திருக்கிறது? அந்தச் சொல் மற்றவை செய்யாத எந்த வேலையைச் செய்கிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்வது இந்த ஒரு கேள்வியை.

இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ் நாடக வரலாறு எழுதியவர்கள் பலர் இச்சொல்லைக் கடன் சொல் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் பம்பாயிலிருந்து தெற்கே வந்தன. படுதா, சீன், டிராமா, கம்பெனி, பபூன் எல்லாம் அந்த அலையில் வந்து சேர்ந்தவை, பார்ட்டும் அவற்றோடு வந்தது என்பது பொதுவான விளக்கம். இதில் தவறில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகிய சொற்கள் கன்னடக் கம்பெனி நாடகத்திலும் மலையாள சங்கீத நாடகத்திலும் வழங்கியிருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் மறுபக்கம் கேரளம். தமிழ்ச் சங்கீத நாடகம் அந்தப் பக்கம் போய் ஊன்றியபோது இந்தச் சொற்களும் உடன் போயின. ஆனால் ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்பதை வைத்து அது ஏன் தங்கியது என்று சொல்லிவிட முடியாது. அதே அலையில் வந்த எத்தனையோ சொற்கள் உதிர்ந்துவிட்டன.

இரண்டாவது பார்வை தனித்தமிழ் உணர்விலிருந்து வருவது. பார்ட் ஒரு கலப்படம், கதைமாந்தர், கதைத்தலைவன் என்று எழுதினால் போதும் என்பது அதன் நிலை. பாடநூல்களும் ஆய்வேடுகளும் அப்படித்தான் எழுதுகின்றன. பின்னால் காட்டவிருப்பதுபோல, இந்த மாற்றீடு பொருளையே மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, கள ஆய்வு. மதுரையைத் தளமாகக் கொண்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 'ஸ்டிக்மாஸ் ஆஃப் தி தமிழ் ஸ்டேஜ்' என்ற நூலை 2005இல் வெளியிட்டார். பார்ட்களின் ஏற்றத்தாழ்வு, நோட்டீஸில் படங்கள் அடுக்கப்படும் முறை, நடிகையர் மீது சமூகம் சுமத்தும் இழிவு ஆகியவற்றை இவ்வளவு நெருங்கிப் பார்த்த வேறு நூல் இல்லை. ஆயினும் அவருடைய அக்கறை இழிவின்மீது. நான் அவர் திரட்டியதன் பக்கவாட்டில் நின்று, சொல்லின்மீது கண் வைக்க விரும்புகிறேன். கூத்து வகையொன்றுக்குத் தெருக்கூத்து என்று பெயரிடுவதா கட்டைக்கூத்து என்று பெயரிடுவதா என்பது வெறும் பெயர்ச் சிக்கலாக இல்லாமல் கலைஞரின் மதிப்புப் பற்றிய சிக்கலாக இருப்பதை ஹன்னே டி புருயின் 2000இல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பார்ட் விஷயத்திலும் அப்படியொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஆங்கில மேடையில் பார்ட்

ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கு முழு நாடகப் பிரதி கையில் கிடைப்பது அரிது. கையால் எழுத வேண்டிய காலத்தில் ஆளுக்கொரு முழுப்பிரதி கட்டுப்படியாகாது, பிரதி எதிரிக் கம்பெனிக்குப் போய்விடும் என்ற பயமும் இருந்தது. எனவே ஒவ்வொரு நடிகருக்கும் அவர் பேச வேண்டிய வரிகள் மட்டும், அவற்றுக்கு முன் மற்றவர் பேசி முடிக்கும் ஓரிரு சொற்களோடு, தாள்களை ஒட்டிச் சுருளாகக் கொடுக்கப்படும். அந்தச் சுருளின் பெயர்தான் 'பார்ட்'. எட்வர்ட் அலின் என்ற பெரும் நடிகர் 'ஒர்லாண்டோ ஃபியூரியோசோ' நாடகத்துக்காகப் பயன்படுத்திய சுருள் லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. சைமன் பால்ஃப்ரியும் டிஃபனி ஸ்டெர்னும் 2007இல் எழுதிய 'ஷேக்ஸ்பியர் இன் பார்ட்ஸ்' இந்த ஏற்பாடு நடிப்பையே எப்படி வடிவமைத்தது என்பதைப் பேசுகிறது. கூட்டு ஒத்திகை மிகக் குறைவு. எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல், காதைத் தீட்டிக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். பின்னாளில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'ரோல்' என்ற சொல்லும் அடிப்படையில் அதே காகிதச் சுருள்தான்.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இன்னொரு வழக்கம் உறுதிப்பட்டது. ஊர் ஊராகப் போகும் அல்லது ஓரிடத்தில் தங்கி வாரம் பல நாடகம் போடும் கம்பெனிகளில் நடிகர்கள் பார்ட் வகையின்படி அமர்த்தப்பட்டார்கள். முதன்மை நாயகன், இளம் காதலன், கொடியவன், கீழ்நிலை நகைச்சுவையாளர், குறும்புக்காரப் பணிப்பெண் என்று வகைகள் உண்டு. ஒருவர் கொடியவன் வகையில் சேர்ந்துவிட்டால் எந்த நாடகத்திலும் கொடியவன் அவருக்கே. அந்த உரிமையை அவர் விட்டுத்தர மாட்டார். ஒரே நாடகம் மாதக்கணக்கில் ஓடும் வழக்கமும் இயக்குநரின் ஆட்சியும் வந்தபிறகு ஆங்கில மேடையில் இந்த ஏற்பாடு மறைந்தது. இன்று ஒரு லண்டன் நடிகர் பார்ட் என்றால் இந்த நாடகத்தில் தனக்குக் கிடைத்த பாத்திரம் என்றுதான் பொருள் கொள்வார்.

ஆக, அச்சொல் நம்மிடம் வந்த காலத்தில் ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பழம்பொருள்கள் உயிரோடு இருந்தன: ஒருவர் தனியாக மனனம் செய்ய வேண்டிய பகுதி ஒன்று, ஒருவருக்கு நாடகம்தோறும் உரிமையான தொழில் வகை மற்றொன்று. மூலமொழியில் மங்கிய இவ்விரண்டையும் தமிழ் மேடை காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் வாதம்.

கம்பெனியிலிருந்து ஸ்பெஷலுக்கு

எல்லாத் தமிழ் மேடைக்கும் இச்சொல் ஒரே அளவில் தேவைப்படவில்லை. பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபா சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகத்தால் தூண்டப்பட்டு 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரை எடுத்துக்கொள்வோம். அங்கே நடித்தவர்கள் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், மாணவர்கள். நடிப்பு அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. சம்பந்த முதலியார் தம் நண்பர்களின் இயல்பை மனத்தில் வைத்து நாடகம் எழுதினார். பெண் வேடத்தில் பேர்பெற்ற ரங்கவடிவேலு அவருக்கு இணையாக நடிக்கிறார் என்றால், அந்த வேடம் அவருக்காகவே வார்க்கப்பட்டது. அங்கே நடிகர் முதலில், பாத்திரம் அவருக்குப் பின். வகைப்பெயர் எதற்கு?

தொழில்முறைக் கம்பெனியில் வரிசை தலைகீழ். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே எல்லா வேடமும் தாங்கினார்கள். தி. க. சண்முகம் சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். 'எனது நாடக வாழ்க்கை' நூலில் சண்முகம் விவரிக்கும் அந்த உலகம் பாடத்தால் ஆனது. சிறுவனுக்குப் 'பாடம்' கொடுக்கப்படும். பாடம் என்றால் அவன் மனனம் செய்ய வேண்டிய வசனமும் பாட்டும். ஆங்கிலச் சுருளுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் பாடம் கற்ற சிறுவன் நிரந்தரமில்லை. அவனுக்கு மகரக்கட்டு வந்துவிடும். குரல் உடைந்ததும் நேற்றைய ராஜபார்ட் கூட்டத்தில் நிற்கும் சேவகனாகலாம், நேற்றைய ஸ்திரீபார்ட் வேலை இழக்கலாம். ஆளின் குரல் போகும், ராஜபார்ட் என்ற இடம் அங்கேயே இருக்கும். அதை நிரப்ப இன்னொரு சிறுவன் காத்திருப்பான். வசந்தபாலன் இயக்கி 2014இல் வெளிவந்த 'காவியத்தலைவன்' படத்தில் இரு நண்பர்களுக்கிடையே பகை மூள்வது இந்தக் காலி இடத்தை ஒட்டித்தான். ஆளைவிட நீண்ட ஆயுளுடைய ஒரு பதவிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வேடம் என்ற சொல் அதற்குப் போதவில்லை, ஏனெனில் வேடம் அன்றிரவோடு கலைந்துவிடும்.

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவருடைய பாடங்கள் கம்பெனிகளின் வேலியைத் தாண்டி எல்லோருக்கும் பொதுச்சொத்தாயின. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இசைத்தட்டின் வழியே வீட்டுக்குள் நுழைந்தபோது, கம்பெனியின் பெயரைவிட ஆளின் பெயருக்கே கூட்டம் சேர்ந்தது. தனித்தனியாக அழைத்து, தனித்தனியாகப் பேசி, ஓர் இரவுக்கு மட்டும் சேர்த்து நிறுத்தும் முறை இப்படி வலுப்பெற்றது. அங்கே பார்ட் என்ற சொல் முழுமையாக வேலைக்கு வந்தது. ஏஜெண்டிடம் ஊர்க்காரர்கள் கேட்டது அரிச்சந்திரனையோ கோவலனையோ இல்லை. நல்ல ராஜபார்ட் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஒருவருக்கு வள்ளி திருமணத்து முருகனும் தெரியும், மயான காண்டத்து அரிச்சந்திரனும் தெரியும், பவளக்கொடியின் அர்ச்சுனனும் தெரியும். அத்தனை கதைகளிலும் தனக்குரிய பகுதியை ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் முதலுக்குப் பெயர்தான் பார்ட். கதாபாத்திரம் என்ற சொல்லால் இதைச் சொல்ல முடியாது. கதாபாத்திரம் கதைக்குச் சொந்தம், பார்ட் கலைஞருக்குச் சொந்தம்.

முதல்தரமானவரை அயன் ராஜபார்ட், அயன் ஸ்திரீபார்ட் என்று விளம்பரம் செய்வார்கள். இந்த 'அயன்' இரும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக இருக்க முடியாது. அயன் நஞ்சை, அயன் புஞ்சை என்று நிலப்பதிவேட்டில் வரும், உருது வழியாக வந்து சேர்ந்த சொல்தான் இது என்று கருதுகிறேன். அசல், முதல்தரம் என்ற பொருள் இரண்டிடத்துக்கும் பொருந்துகிறது. அப்படியானால் 'அயன் ஸ்திரீபார்ட்' என்ற தொடரில் உருது, சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன, தமிழ் இருப்பது எழுத்தில் மட்டும். புகார் சொல்ல நினைப்பவர்கள் அந்தக் கலைஞரின் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

ஒரு பார்ட், மூன்று வேடம்

பார்ட்டும் வேடமும் ஒன்றல்ல என்பதற்கு மிகத் தெளிவான சான்று வள்ளி திருமணத்துக்குள்ளேயே இருக்கிறது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் தன் உருவில் போவதில்லை. வேடனாகப் போகிறான், விருத்தனாகப் போகிறான், கடைசியில்தான் முருகனாக நிற்கிறான். கடவுள் வேடமிடுகிறார், அந்தக் கடவுளாக ஒரு நடிகர் வேடமிடுகிறார். வேடன் வேறு, கிழவன் வேறு, வேலன் வேறு என்று எண்ணினால் மூன்று வேடம். ராஜபார்ட் ஒருவர்தான். பரணுக்குக் கீழே நரைத்தாடி ஒட்டித் தடியூன்றி நடுங்கிக்கொண்டு தண்ணீர் கேட்கும்போதும் அவர் ராஜபார்ட்டே. 'ராஜ' என்பதற்கு அரசன் என்று பொருள் கொண்டால் இந்த இடம் புரியாது. அந்தச் சொல் உடையைப் பற்றியது இல்லை, அன்றிரவு மேடையில் அவர் தாங்க வேண்டிய பாரத்தைப் பற்றியது.

கூத்து மரபோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். வடமாவட்டக் கூத்தில் வேஷம் 'கட்டுகிறார்கள்'. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தால் செய்த அணிகளைக் கட்டியே அந்த வேஷம் உண்டாகிறது, கட்டைக்கூத்து என்ற பெயரே அதிலிருந்து. அங்கே பெயரிடும் அடிப்படை உடல்மேல் ஏறுவது. ஸ்பெஷல் நாடகத்தில் அடிப்படை நெஞ்சில் ஏறியிருப்பது: பாட்டு, விருத்தம், தர்க்கம்.

தர்க்கம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் சொற்போரைத்தான் தர்க்கம் என்பார்கள். பாட்டு சுவாமிகளுடையது, இடையில் வரும் பேச்சு பெரும்பாலும் அவரவர் சரக்கு. எதிரில் நிற்பவர் எந்தப் புராணத்தை எடுப்பார், எந்த விடுகதையில் மடக்குவார் என்று முன்கூட்டித் தெரியாது. மடக்கத் தெரியாத வள்ளியை நாரதர் விடமாட்டார், கூட்டமும் விடாது. அலின் காலத்து நடிகர் சுருளோடு நின்ற நிலை இதுதான், ஒரே வித்தியாசம், அவருக்கு எதிராளியின் கடைசி இரண்டு சொற்களாவது தாளில் இருந்தன. இங்கே அதுவும் கிடையாது. முழு நாடகமும் ஒருவர் மனத்தில் மட்டும் இருக்கிறது: ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர். யாருக்கு எந்தச் சுருதி, எந்தப் பாட்டுக்குப் பின் எது, யார் மறந்துவிட்டார் என்பதை எல்லாம் பெட்டியிலிருந்து சமாளிப்பவர் அவர். அவருக்குப் பார்ட் இல்லை. முழுமையை வைத்திருப்பவருக்குப் பகுதியின் பெயர் எப்படிப் பொருந்தும்?

யாருக்குப் பார்ட் உண்டு, யாருக்கு இல்லை

மேற்சொன்ன வாதத்தைச் சோதிக்க ஒரு வழி, இந்தப் பின்னொட்டு ஒட்டாத பெயர்களைப் பார்ப்பது. முதல் இரண்டு மணி நேரம் மேடையை ஆள்பவர்கள் பபூனும் டான்ஸும். பபூன் தனியே வந்து சபைக்கு வணக்கம் சொல்லிச் சிரிக்க வைப்பார், பிறகு டான்ஸ் வருவார், இருவருக்கும் பாட்டும் சண்டையும் காதலும் நடக்கும். இரண்டுமே ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் பபூன்பார்ட் என்றோ டான்ஸ்பார்ட் என்றோ வழக்கில் நிலைக்கவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கதைக்கு முன்னால் வரும் இந்தப் பகுதிக்குச் சுவாமிகளின் பாடம் கிடையாது. பாடம் உள்ளவருக்குப் பார்ட் உண்டு, பாடம் இல்லாதவருக்கு வேலையின் பெயரே பெயர். கள்ளபார்ட்டுக்குப் பின்னொட்டு ஒட்டியிருப்பதும் இதே காரணத்தால்தான். சதாரம் போன்ற நாடகத்தில் கள்ளன் கதையின் உறுப்பு, அவனுக்குப் பாடம் உண்டு. கள்ளபார்ட் நடராஜன் என்று ஒரு நடிகர் திரைப்படத்துக்குப் போன பிறகும் அந்தப் பட்டத்தோடேயே அறியப்பட்டார். ஆளின் பெயருக்குமுன் தொழில்வகை, பட்டம்போல் ஒட்டிக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் பெண்களின் நிலை தனியாகக் கவனிக்க வேண்டியது. ஸ்திரீபார்ட் என்ற சொல் புழங்கிய பாய்ஸ் கம்பெனிகளில் அந்தப் பார்ட்டை எடுத்தவர்கள் பையன்கள். சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நடித்தது எல்லோரும் அறிந்தது. ஆளும் பார்ட்டும் பொருந்தாத இடத்தில்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும். 'ஸ்திரீ' என்றால் பொய், 'ஸ்திரீபார்ட்' என்றால் மெய். பிறகு பெண்களே அந்த இடத்துக்கு வந்தார்கள், சொல் மாறவில்லை. மாறாததில் ஒரு நன்மை இருந்தது என்று தோன்றுகிறது. மேடையேறிய பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது தெரிந்ததே. அந்தச் சூழலில் ஸ்திரீபார்ட் என்பது, மேடைமேல் நடப்பது தன் பார்ட், தான் வேறு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடைவெளியைக் கொடுத்தது. நள்ளிரவுக்கு முன் ஆடிவிட்டுப் போகும் டான்ஸ் கலைஞருக்கு அந்த இடைவெளி இல்லை. அவருடைய பெயரும் அவர் செய்வதும் ஒன்றாகிவிட்டன. சைசர் விவரிக்கும் இழிவு டான்ஸ் மீது அதிகம் விழுவதற்குப் பல காரணங்கள் உண்டு, பின்னொட்டு இல்லாமை அவற்றில் சிறியதாக இருக்கலாம். ஆனாலும் அது தற்செயல் இல்லை.

பார்ட் ஆளை முழுதும் மறைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. விடுதலைப் போராட்டப் பாடல்களை முருகன் வாயிலாகப் பாடிப் பலமுறை சிறை சென்ற விஸ்வநாததாஸ் (1886–1940) தென்மாவட்டங்களின் மிகப் பெரிய ராஜபார்ட்களில் ஒருவர். கோட்டும் தொப்பியும் போட்டுப் பேச முடியாததை மயில்மேல் உட்கார்ந்து பாட முடிந்தது, அந்த அளவுக்குப் பார்ட் அவருக்குக் கேடயம். ஆனால் அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதைக் காட்டி அவருக்கு இணையாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்ததை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ராஜபார்ட் ஆனாலும் சாதி மேடைவரை ஏறி வந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேடத்திலேயே, மேடையில் அவர் உயிர் பிரிந்தது.

வசையாக மாறாத சொல்

நடிப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுக்கு ஒரு பொதுத் தலைவிதி உண்டு. 'நடிக்கிறான்' என்றால் பொய் சொல்கிறான். 'வேஷம் போடுறான்' என்றால் ஏமாற்றுகிறான். 'நாடகமாடுகிறார்' என்பது சட்டமன்றத்தில் நாள்தோறும் புழங்கும் குற்றச்சாட்டு. 'கூத்தடிக்கிறான்' பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்திலிருந்து வந்த ஆக்ட்டும் தப்பவில்லை: 'ரொம்ப ஆக்ட் குடுக்காத' என்று வீட்டுக்கு வீடு கேட்கலாம். இத்தனை சொற்களுக்கு நடுவே பார்ட் மட்டும் வசையாக மாறாமல் நின்றிருக்கிறது. 'ராஜபார்ட் மாதிரி வர்றான்' என்றால் கேலி உண்டு, ஆனால் அது பகட்டைப் பற்றிய கேலி, பொய்யைப் பற்றியது இல்லை. பி. மாதவன் இயக்கத்தில் 1973இல் வந்த 'ராஜபார்ட் ரங்கதுரை' அந்தப் பட்டத்தைத் துயரமும் பெருமையும் கலந்து பயன்படுத்தியது. கலைஞனை உயர்த்திப் பேச நினைத்த ஒரு படத்துக்கு 'நடிகன்', 'வேஷக்காரன்' என்ற சொற்களைவிட இதுவே உதவியது.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடித்தல், வேஷம் போடுதல், ஆக்ட் கொடுத்தல் மூன்றும் வினைகள். செய்பவரின் நோக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்த அவை இடம் தருகின்றன. பார்ட் ஒரு பங்கு, ஒரு பொறுப்பு. பங்கைச் சரியாகச் செய்தாரா என்று கேட்கலாம், பங்கே பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு பக்கவாட்டுக் குறிப்பு. மயிலாடும்பாறை உள்ள ஆண்டிபட்டித் தொகுதி 1984இல் எம். ஜி. ஆரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் நியூயார்க் புரூக்ளினில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் அவர். அதற்கு முன்பே, 1962இல், சேடபட்டியில் பிறந்து சிறுவர் நாடகக் கம்பெனி வழியாக வந்த எஸ். எஸ். ராஜேந்திரன் தேனித் தொகுதியில் வென்றிருக்கிறார். சினிமா மோகம் என்று இதை ஒரே வரியில் கடந்துபோவது வழக்கம். விடிய விடிய ராஜபார்ட்டைப் பார்த்துப் பழகிய ஒரு பகுதியில், தலைமைப் பங்கைத் தாங்குபவர் என்ற எண்ணம் மேடையிலிருந்து இறங்கி வந்திருக்க வாய்ப்புண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். நிரூபிக்கக்கூடிய கருத்து இல்லை, கேள்வியாகவே வைக்கிறேன்.

நாரதர் எழுப்பும் சிக்கல்

பாடம் உள்ளவருக்குப் பார்ட் உண்டு என்று மேலே சொன்னேன். அதற்கு எதிராக நிற்பவர் நாரதர். வள்ளி திருமணத்தில் நாரதருக்குப் பாடம் உண்டு, நீண்ட பாடம், சங்கீதம் நன்றாகத் தெரிந்தவராலன்றித் தாங்க முடியாதது. தர்க்கத்தின் முதல் சுற்றே அவருடையது. இருந்தும் அந்தத் தொழில்வகைக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போலப் பொதுப்பெயர் உருவாகவில்லை. நோட்டீஸில் 'நாரதர்' என்றே போடுகிறார்கள், பேச்சிலும் 'நாரதர்' என்றே அழைக்கிறார்கள். வாதம் இங்கே உடைகிறதா?

உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் திருத்தம் வேண்டும். பார்ட் என்ற சொல்லுக்குப் பாடம் மட்டும் போதாது, பல கதைகள் வேண்டும். ராஜபார்ட் என்ற வகை அரிச்சந்திரன், கோவலன், சத்தியவான், அர்ச்சுனன், முருகன் என்று பல கதைகளுக்குக் குறுக்கே ஓடுகிறது. நாரதர் அநேகக் கதைகளில் தலைகாட்டினாலும், ஓர் இரவின் பாதியைத் தாங்கும் நாரதர் வள்ளி திருமணத்துக்கே உரியவர். ஒரே கதைக்குள் நிற்கும் தனித்திறமைக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே போதுமானதாகிவிடுகிறது.

இதை ஒப்புக்கொண்டால், இன்றைய நோட்டீஸ்களில் நடக்கும் மாற்றத்துக்கும் விளக்கம் கிடைக்கிறது. தேனி, உசிலம்பட்டி, மதுரைப் பக்கம் ஒட்டப்படும் பல வண்ண நோட்டீஸ்களில் ராஜபார்ட் என்று போட வேண்டிய இடத்தில் 'முருகன்' என்றும், ஸ்திரீபார்ட் என்பதற்குப் பதில் 'வள்ளி' என்றும் அச்சிடுவது பெருகியிருக்கிறது. தமிழ்ப்பற்று இதற்குக் காரணமாக இருந்தால் பபூனும் டான்ஸும் அதே தாளில் தங்கியிருக்க நியாயமில்லை. பவளக்கொடியும் கோவலனும் அரிதாகி, திருவிழா நாடகம் என்றாலே வள்ளி திருமணம் என்று சுருங்கிய பிறகு, ராஜபார்ட்டுக்கும் முருகனுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லாமல் போகிறது. ஆண்டு முழுவதும் முருகனாகவே அழைக்கப்படுபவருக்கு அரிச்சந்திரன் பாடம் எதற்கு?

ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று அச்சிட்ட பழைய நோட்டீஸ்களையும் முருகன், வள்ளி என்று அச்சிட்ட புதிய நோட்டீஸ்களையும் ஊர்வாரியாகத் திரட்டி, ஒவ்வொன்றிலும் நாடகத்தின் பெயர் என்ன என்று பக்கத்தில் குறித்தால் இந்த ஊகத்தைச் சோதிக்கலாம். அரிச்சந்திரா மயான காண்டம் இன்னும் போடப்படும் ஊர்களில் 'ராஜபார்ட்' அச்சில் தங்கியிருக்க வேண்டும். அந்த ஊர்களிலும் அச்சொல் மறைந்திருந்தால், கதைகள் குறைந்ததே காரணம் என்ற என் விளக்கம் தவறு.